முன் சீட்டில் குத்துவிளக்கு

ஜன்னலை மூடாதீர்கள் சார், திறந்தே இருக்கட்டும். பஸ்ஸுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. கார் என்றால்தான் ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பிடித்து இழுக்கும். லிட்டருக்கு அரைக் கிலோமீட்டராவது போய்விடும். நான் கணக்கெடுத்திருக்கிறேன்.

எனக்கும் சொந்தமாகக் கார் இருக்கிறது சார். அப்படிப் பார்க்காதீர்கள், உண்மைதான். இப்போது நமக்கு முன்னால், இதே ரோட்டில்தான் போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளை நிறம், சின்ன வண்டி, ஹைபிரிட். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. நான் ஏன் பஸ்ஸில் இருக்கிறேன் என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? அதைத்தான் சொல்ல வருகிறேன். நீங்கள் தென்காசி வரைக்குமா? நல்லதாகப் போயிற்று. நானும் தென்காசிதான்.

முதலில் ஹைபிரிட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கே போனாலும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எங்க சார் பிளக் மாட்டணும்?" பிளக்கே கிடையாது. பெட்ரோல் இன்ஜின் ஒன்று, மின்சார மோட்டார் ஒன்று, நடுவில் ஒரு பேட்டரி. பிரேக் போட்டால் சக்கரத்தின் வேகம் வீணாகாமல் பேட்டரிக்குள் போய்ச் சார்ஜ் ஆகிவிடும். மெதுவாகப் போனால் இன்ஜின் அணைந்து மோட்டாரிலேயே ஓடும், சத்தமே இருக்காது. முன்னால் ஒரு திரையில் இதெல்லாம் அம்புக்குறியாக ஓடும். கீழே ஒரு எண் இருக்கும், ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று. அந்த எண்தான் சார், மனுஷனைத் தூங்க விடாது.

நான் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். கடைக்காரர்கள் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிற உத்தியோகம். முப்பத்தொரு வருஷம். பத்து கிராம் குறைந்தாலும் கல்லை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். ஊர் இந்தப் பக்கம்தான் என்றாலும் கடைசியாக உடுமலையில் வேலை, அங்கேயே வீடு கட்டி உட்கார்ந்துவிட்டோம். என்னோடு ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தினமும் காலையில் என் வண்டியின் மைலேஜ் எண்ணைப் படம் எடுத்து அதில் போடுவேன். இருபத்தைந்து, இருபத்தாறு, ஒரு தடவை இருபத்தாறு புள்ளி எட்டு. முப்பதைத் தொட்டுக் காட்டுகிறேன் என்று குழுவில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதில் ஒருத்தரும் பதில் போடுவதில்லை. வயிற்றெரிச்சல்.

என் வீட்டுக்காரி பெயர் செண்பகவல்லி. அவளுக்கு ஒரே தங்கை, கோமதி. தென்காசியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. கோமதியின் மகள் ஆவுடைச்செல்விக்கு நாளைக் காலையில் கல்யாணம். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சீர் வைக்க வேண்டும். அண்ணன் தம்பி இல்லாத வீடு சார் அது. தாய்மாமன் சீர் என்று ஒன்று வந்தாக வேண்டுமே, அதைப் பெரியம்மாக்காரியான செண்பகம்தான் கொண்டுபோக வேண்டும். கோமதியின் நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள். போன மாதம் பத்திரிகை கொடுக்க வந்த இடத்தில் அவள் சொன்னாளாம், "தாய்மாமன் இல்லாத பொண்ணு, பாவம், சீருன்னு பேருக்கு நாலு தட்டு வந்தாப் போதாதா" என்று. அந்த "பாவம்" இருக்கிறதே, அதை இவள் இன்னும் விழுங்கவில்லை.

அதற்காகவே ஒரு ஜோடி குத்துவிளக்கு வாங்கினாள். நாச்சியார்கோயில் விளக்கு, மூன்றடி உயரம். எங்கள் பக்கத்தில் சீரில் விளக்கு வந்தால் பெண்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள். ஒவ்வொருத்தியும் வந்து தூக்கிப் பார்ப்பாள். தூக்க முடியாமல் தூக்கி, "யம்மா, என்ன கனம்!" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் போதும், கொடுத்தவளுக்கு மானம் நின்றுவிடும். அந்த நாத்தனார் வாயால் அந்த "யம்மா"வைக் கேட்க வேண்டும் என்பதுதான் செண்பகத்தின் ஆசை. கடையில் பத்து ஜோடியைத் தூக்கிப் பார்த்து இருப்பதிலேயே கனமானதை எடுத்தாள். நானும் வீட்டில் எடை போட்டுப் பார்த்தேன். ஜோடி இருபத்திரண்டு கிலோ நூற்றைம்பது கிராம்.

இருபத்திரண்டு கிலோ, சார்! உடுமலையிலிருந்து தென்காசி முந்நூறு கிலோமீட்டர். முப்பதைத் தொட இதைவிட நல்ல பயணம் கிடைக்குமா? நான்கு வழிச் சாலை, நடுவில் நிற்க வேண்டிய வேலை இல்லை. இதில் இருபத்திரண்டு கிலோ பித்தளையை ஏற்றிக்கொண்டு போனால் எப்படி?

அதனால் கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் எடை போட்டேன். வீட்டில் கொக்கித் தராசு இருக்கிறது. துணிப்பை, பழத்தட்டு, தண்ணீர் கேன், எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தேன். நான் எழுபத்தெட்டு. அவளை எடை மெஷின் மேல் ஏறச் சொன்னேன், முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சரி, உத்தேசமாக எழுபத்திரண்டு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அது அவள் காதில் விழுந்திருக்கக் கூடாது.

ஸ்டெப்னி டயரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டேன். அதுவே பன்னிரண்டு கிலோ. புது டயர், எதற்குப் பஞ்சர் ஆகப்போகிறது? விளக்குக்கு வெள்ளிக்கிழமையே ஒரு யோசனை செய்துவிட்டேன். அவள் பூஜைச் சாமான் வாங்கப் போயிருந்த நேரத்தில் இரண்டையும் சாக்கில் சுற்றி, தென்காசிக்குப் பார்சல் போட்டுவிட்டேன். சனிக்கிழமை போய்ச் சேர்ந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை நாம் போய் எடுத்துக்கொண்டால் ஆயிற்று. விளக்கு வந்த அட்டைப்பெட்டியைக் காலியாகவே ஒட்டி டிக்கியில் வைத்தேன். ஏமாற்றுவதற்கு இல்லை சார். வழியில் அவள் கவலைப்படக் கூடாது இல்லையா? அட்டைப்பெட்டி வெறும் எண்ணூறு கிராம்தான்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஏசி போடவில்லை. ஏசி போட்டால் இரண்டு கிலோமீட்டர் போய்விடும். ஜன்னலும் திறக்கவில்லை, காரணம் முதலிலேயே சொன்னேனே. பழனிக்கு வருவதற்குள் செண்பகம் முந்தானையால் விசிற ஆரம்பித்தாள்.

"இட்லிப் பானைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குங்க."

"கொஞ்சம் பொறு. இருபத்தேழு புள்ளி ஒண்ணு காட்டுது பாரு."

"நீங்க ரோட்டைப் பாருங்க மொதல்ல."

பழனி அடிவாரத்துக் கடைத்தெரு வழியாகப் போனோம். ஒரே கூட்டம். மெதுவாகப் போகையில் வண்டி மோட்டாரில் ஓடுமா, சத்தமே இல்லை. பின்னால் கார் வருவதே யாருக்கும் தெரியவில்லை. ஆடு, மாடு, பாதயாத்திரைக்காரர்கள், ஒருத்தரும் விலகவில்லை. ஹார்ன் அடித்தால் பேட்டரியில் குறையும். அதனால் அவளிடம் சொன்னேன், "செண்பகம், கண்ணாடியை அரை அங்குலம் எறக்கிக் கொஞ்சம் குரல் குடு."

அவளும் பாவம், "வழி விடுங்கம்மா, வழி விடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஒரு கிழவி திரும்பிப் பார்த்து, "என்னம்மா விக்கிற? கருவேப்பிலை இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் செண்பகம் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பேசிக்கொண்டு ஓட்டினால் கால் ஒரே சீராக அழுத்தாது.

நான்கு வழிச் சாலையில் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. லாரிக்காரர்கள் எல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்கள். ஒரு டிராக்டர் கூட முந்திப் போனது. காலி டிராக்டர் சார் அது, அதை இவள் புரிந்துகொள்ளவில்லை.

"டிராக்டர் போயிருச்சு."

"அதுல லோடு இல்லம்மா."

"நம்ம வண்டியிலயும்தான் இன்னொரு டிரைவர் நான் இருக்கேனே. கொஞ்ச நேரம் நான் ஓட்டட்டுமா?"

இதைச் சொல்ல மறந்துவிட்டேன். கார் புக் செய்த வாரமே இவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். லைசென்ஸும் முதல் தடவையிலேயே வாங்கிவிட்டாள். ஆனால் எட்டு மாதத்தில் நான் ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை. ஹைபிரிட் வண்டிக்கு நிதானமான கால் வேண்டும். அவள் கால் அழுத்தம் ஜாஸ்தி. ஓட்டி நான் பார்த்ததில்லை, என்றாலும் தெரியாதா?

கடலை வேண்டாம் சார், நீங்கள் சாப்பிடுங்கள். ம், எங்கே விட்டேன்? திருமங்கலம்.

திருமங்கலம் வரும்போது மணி பதினொன்று ஆகிவிட்டது. எண் இருபத்தாறு புள்ளி எட்டில் வந்து நின்றுகொண்டு ஏற மாட்டேன் என்கிறது. ரோட்டோரத்தில் மல்லிகைப்பூ விற்றார்கள். செண்பகம் நிறுத்தச் சொன்னாள். சீர்த் தட்டுக்கும் விளக்குக்கும் சுற்றப் பூ வேண்டும் என்று பந்து பந்தாக வாங்கினாள். பூ வெயிலில் வாடாமல் இருக்க டிக்கியில் அந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால் வைக்க வேண்டுமாம். பெட்டியை நகர்த்தப் போனாள். உங்களுக்குத் தெரியுமே, கனமான பொருள் என்று நினைத்துக்கொண்டு நாம் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துத் தூக்குவோம் இல்லையா? அப்படித் தூக்கினாள். எண்ணூறு கிராம் பெட்டி. பெட்டியோடு இரண்டு எட்டு பின்னால் போய், பூக்காரம்மா மேல் மோதி நின்றாள்.

பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். கீழே வைத்து ஒட்டியதைப் பிரித்தாள். உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் விளக்கமாகவே சொன்னேன். இருபத்திரண்டு கிலோ, முந்நூறு கிலோமீட்டர், பார்சல் ரசீது என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது, எல்லாம். அவள் கத்தவில்லை சார். கத்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அந்தக் காலி அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். அது அப்படியே அமுங்கிப்போனது. அமுங்கினதோடு தரையில் உட்கார்ந்துகொண்டு பார்சல் ஆபீசுக்குப் போன் போட்டாள்.

தென்காசி ஆபீசில் யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு. அது எனக்குத் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ரசீதில் இருந்த இன்னொரு நம்பருக்குப் போட்டாள். அது கப்பலூர்ப் பக்கத்துக் குடோன். வாட்ச்மேன் எடுத்தார். தென்காசி லோடு இன்னும் கிளம்பவே இல்லையாம். திங்கள்கிழமை காலையில்தான் லாரி போகுமாம்.

"திங்கக்கெழமை காலைல தாலி கட்டி முடிஞ்சிரும்ணே" என்றாள் இவள் போனில். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள், "ஆறு மணிக்கு அந்த நாத்தனா முன்னாடி நான் எதைத் தூக்கிக் குடுக்க? உங்க மைலேஜையா?"

"இருபத்தாறு எட்டு வரைக்கும் வந்திருக்கு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவள் கண் கலங்கிவிட்டது சார். முப்பத்து மூன்று வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் அப்படிப் பார்த்திருக்கிறேன். பூக்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், வாங்கின பூவைத் திருப்பித் தந்துவிடலாமா என்று எனக்கே தோன்றியது.

குடோன் ஐந்து கிலோமீட்டர் பின்னால் இருந்தது. பின்னால் போனால் சராசரி என்ன ஆகும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். சாவி வண்டியிலேயே இருந்தது. நான் இந்தப் பக்கம் ஏறிக்கொண்டேன். ஏசியைப் போட்டாள். லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் போயிற்று. அந்த நேரத்தில் சொல்வது உசிதமாகப் படவில்லை.

வாட்ச்மேன் நல்ல மனுஷன். "ஞாயித்துக்கெழமை குடுக்கக் கூடாது சார். ஆனா ஒரு பொண்ணு சீருன்னு அக்கா போன்ல சொன்னாங்க" என்று சொல்லி ரசீதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஐம்பது சாக்கு மூட்டைகளைப் புரட்டி எடுத்துக்கொண்டு வந்தார். தூக்கிக்கொண்டு வரும்போதே, "யம்மா! என்னக்கா இது, இவ்வளவு கனம்!" என்றார். செண்பகம் அப்போதுதான் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

டிக்கியில் இடம் இல்லை, பெட்டி இருந்த இடத்தில் இப்போது பூப்பந்துகள். இந்த மாதிரிச் சின்ன ஹைபிரிட் வண்டியில் பேட்டரி பாதி டிக்கியைப் பிடித்துக்கொள்ளும், மீதியில் தட்டும் பழமும். பின் சீட்டில் படுக்க வைத்தால் உருளும். அதனால் இரண்டு விளக்கையும் சேர்த்துப் பழைய புடவையில் சுற்றி முன் சீட்டில் நிறுத்தி வைத்தாள். வண்டியைக் கிளப்பினாளா, கீங் கீங் என்று வண்டி கத்த ஆரம்பித்துவிட்டது. சீட்டில் கனமாக ஏதாவது இருந்தால் ஆள் என்று நினைத்து பெல்ட் போடச் சொல்லும். விளக்குக்குப் பெல்ட் போட்டாள். சத்தம் நின்றது.

"பாத்தீங்களா? யாருக்கு மரியாதை குடுக்கணும்னு காருக்கே தெரியுது" என்றாள்.

"சரி, நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்."

"நீங்க எவ்வளவு எடை?"

"எழுபத்தெட்டு."

"வெளக்கு?"

"இருபத்திரண்டு நூத்தம்பது."

"காலைல என்னமோ சொன்னீங்களே, அம்பது கிலோ எறக்கினா வண்டி என்ன ஆகும்?"

"லிட்டருக்கு ஒரு கிலோமீட்டராவது ஏறும்."

"அப்ப எழுபத்தெட்டு எறங்கினா?"

"முப்பது வந்தாலும் வரும்" என்றேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது சார். கணக்குக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

"அப்ப எறங்குங்க" என்றாள். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள், மரியாதையாகத்தான். துணிப்பையையும் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தாள். வண்டி சத்தமே இல்லாமல் போய்விட்டது. பக்கத்தில் நின்றவர், "உங்க வண்டியா சார்? பிளக் எங்க மாட்டணும்?" என்று கேட்டார். அவருக்கு விளக்கிக்கொண்டிருந்ததில் ஒரு பஸ் போய்விட்டது. அடுத்ததுதான் இது.

இவள் என்னை இறக்கிவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? அப்படிச் சொல்ல முடியாது. யோசனை என்னுடையதுதானே? அவள் அதை நடைமுறைப்படுத்தினாள், அவ்வளவுதான்.

ஸ்டெப்னி வீட்டில் இருப்பதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் சார் தலையில் கை வைக்கிறீர்கள்? புது டயர்.

கொஞ்சம் இருங்கள், போன் அடிக்கிறது. இல்லை, மெசேஜ். செண்பகம்தான். படம் அனுப்பியிருக்கிறாள். என் கண்ணாடியை எங்கே வைத்தேன்... ஆ, இதோ.

சார்! முப்பது புள்ளி நான்கு! இதோ பாருங்கள், பார்த்தீர்களா? மூன்று, பூஜ்யம், புள்ளி, நான்கு. திருமங்கலத்தில் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு அங்கிருந்து புதிதாகக் கணக்கு வைத்திருக்கிறாள், கீழே தூரம் காட்டுகிறது பாருங்கள். நான் சொன்னேனா இல்லையா? நான் இறங்கினேன், முப்பது வந்துவிட்டது. எட்டு மாதமாக எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த ஓரத்தில் என்ன அது? இருபத்திரண்டு என்று போட்டிருக்கிறது. ஏசி. ஏசியை இருபத்திரண்டில் வைத்திருக்கிறாள். அப்படியும் முப்பதா? முன் சீட்டில் விளக்கு தெரிகிறது, பெல்ட்டோடு. மல்லிகைப்பூ வேறு சுற்றியிருக்கிறாள்.

ஏசியைப் போட்டுக்கொண்டு முப்பது எப்படி வரும்? கால் அழுத்தம் ஜாஸ்தியாயிற்றே. எழுபத்தெட்டு கிலோவுக்கு இவ்வளவு வித்தியாசமா? இருக்கலாம். இருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை சார். உடனே குழுவில் போட்டுவிடுகிறேன். ஏசி தெரிகிற ஓரத்தை வெட்டிவிட்டுப் போட்டால் போதும்.

இதோ, இப்போது போனே வந்துவிட்டது.

சொல்லும்மா. பாத்தேன், பாத்தேன். எங்க? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுலயா? எனக்காகவா? சரி. சரிம்மா. இல்ல, ஒண்ணும் சொல்லல. வாறேன்.

பார்த்தீர்களா சார்? பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருக்கிறாளாம். சீரை இரண்டு பேரும் சேர்ந்து நின்றுதான் கொடுக்க வேண்டுமாம், ஒற்றையாகக் கொடுத்தால் நன்றாக இருக்காதாம். நாலு பேர் பார்க்கிற இடத்தில் புருஷன் பஸ்ஸில் வந்து இறங்கினால் அந்த நாத்தனார் அதற்கும் ஒரு "பாவம்" போடுவாளாம். பின் சீட் காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள் என்கிறாள். விளக்கு முன் சீட்டிலேயேதான் இருக்குமாம். இருக்கட்டும். நான் இல்லாமல் முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று சார். இன்னும் எழுபது எண்பது கிலோமீட்டர் இருக்கிறது. நான் ஏறினால் முப்பது நிற்குமா? நிற்காது. இருபத்தொன்பதுக்கு வந்துவிடும். என்னைக் குறைக்க முடியாது, நான் போயே ஆக வேண்டும். வேறு எதைக் குறைக்கலாம்?

கண்டக்டர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு ஆள் எறங்கணும்!

சார், நீங்கள் தென்காசிதானே என்றீர்கள்? ஒரு சின்ன உதவி. இந்தப் பையை நீங்கள் கொண்டுவந்துவிடுகிறீர்களா? கோயில் பக்கத்துக் கல்யாண மண்டபம், ஆவுடைச்செல்வி கல்யாணம் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். உள்ளே வேறொன்றும் இல்லை, சீர் கொடுக்கும்போது நான் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய பட்டு வேட்டி, சட்டை, துண்டு. மடியில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்றரைக் கிலோதான், காலையில்தான் எடை போட்டேன். பஸ் ஆறு மணிக்குள் போய்விடும் இல்லையா?

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? பிடியுங்கள், இறங்குகிற இடம் வந்துவிட்டது. அதோ நிற்கிறது பாருங்கள், வெள்ளை வண்டி.

அவள் இந்தப் பக்கம் பார்த்தால் மட்டும், பையைக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.